மான் வேட்டைக்கு ஸ்கோப்: 6-24×50 வாங்கலாமா? (இருக்கிறது டெக்சாஸ், சொந்த ஊரு அஞ்செட்டி)

அஞ்செட்டி_ஆஸ்டின்

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு அஞ்செட்டி பக்கம், 6 வருசமா ஆஸ்டின்ல வேலை. கூட வேலை செய்யற ஒருத்தருக்கு லானோ கவுண்டியில ராஞ்ச் (பெரிய பண்ணை) இருக்கு, நவம்பர்ல மான் சீசன் தொறக்கும்போது வந்துருன்னு சொல்லிட்டாரு. ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் முடிச்சாச்சு, வேட்டை லைசன்சும் எடுத்தாச்சு. துப்பாக்கி அவரோடது, .308 தோட்டா போடற போல்ட் ஆக்‌ஷன், ஸ்கோப் (குறி பாக்க மேல மாட்டற தொலைநோக்கி) இல்லாம மொட்டையா இருக்கு, ஸ்கோப் மட்டும் நீ வாங்கி மாட்டிக்கோன்னு சொல்லிட்டாரு. 400 டாலர் வரைக்கும் போடலாம்னு இருக்கேன்.

ஆன்லைன்ல ஒரு 6-24×50 பாத்தேன், 380 டாலர். 6லருந்து 24 மடங்கு வரைக்கும் பெருசா காட்டும், முன்கண்ணாடி 50 மி.மீ., உள்ள லைட் எரியும், பாக்க ராணுவத்து சாமான் மாதிரி கம்பீரமா இருக்கு. கார்ட்ல போட்டுட்டேன், இன்னும் பணம் கட்டல. நம்ம ஊரு ஆளுங்க யாராச்சும் இங்க வேட்டைக்குப் போயிருந்தா சொல்லுங்க, இங்க இருக்கிற ஃபோரத்துல கேட்டா ஆளுக்கொரு பிராண்ட் பேரு சொல்லி சண்ட போட்டுக்கறாங்க, எனக்கு தல சுத்துது.

டல்லாஸ்_காவேரிப்பட்டணம்

தம்பி, மொதல்ல அந்த கார்ட்ட காலி பண்ணு. அப்புறம் பொறுமையா பேசுவோம்.

நான் 11 சீசன் போயிருக்கேன். ஒன்ன கேக்கறேன், எங்க உக்காந்து சுடப்போற? பரண்லயா, நடந்தா? ஃபீடர் எவ்வளவு தூரத்துல இருக்கு? இது தெரியாம ஸ்கோப் பத்திப் பேசறது, கெணறு எத்தன அடின்னு தெரியாம மோட்டார் வாங்கற மாதிரி.

அஞ்செட்டி_ஆஸ்டின்

அண்ணா, பரண் மாதிரிதான், தகரப் பொட்டி ஒண்ணு காலு வெச்சு நிக்குது, ப்ளைண்டுன்னு சொல்றாங்க. அங்கருந்து மக்காச்சோளம் எறைக்கற ஃபீடர் 90 யார்டு. ஓடைக்கு அந்தப்பக்கம் வெட்டவெளி, அது 200 யார்டு இருக்கும், அதுக்கு மேல சீடார் மரம் அடச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாது.

டல்லாஸ்_காவேரிப்பட்டணம்

அப்ப முடிஞ்சது. 90லருந்து 200. உனக்கு 3-9×40 போதும், 2-7 இருந்தாக்கூட போதும். ஏன்னு சொல்றேன்.

24 மடங்குல வெச்சா 100 யார்டுல உன் கண்ணுக்குத் தெரியற அகலம் ஒரு 4, 5 அடிதான். 3 மடங்குல வெச்சா 30 அடிக்கு மேல. மான் பொம்மையாட்டம் நிக்காது, ஃபீடர் சத்தம் கேட்டதும் நாலஞ்சு ஒண்ணா வரும், ஒண்ண ஒண்ணு முட்டும், நகரும். நீ 12ல வெச்சுக்கிட்டுத் தேடினா ஸ்கோப்புக்குள்ள வெறும் பழுப்பு முடி மட்டும் தெரியும், அது தோளா தொடையான்னு தெரியறதுக்குள்ள மான் ஓடிரும். எனக்கு மொத வருசம் இதேதான் நடந்துச்சு, கை ஆடறது வேற 12 மடங்கா ஆடுச்சு, என் நெஞ்சு அடிக்கறது கூட ஸ்கோப்புக்குள்ள தெரியற கூட்டல் குறியில குதிக்கறது தெரிஞ்சது.

வெள்ளவால் மானுக்கு உயிர்நிலை, அதாவது நெஞ்சுக்கூடு நுரையீரல் இருக்கற எடம், ஒரு 8 இஞ்ச் தட்டு அளவு. நம்ம வீட்டு டிபன் தட்டு. 100 யார்டுல 8 இஞ்ச் தட்டப் பாக்க 4 மடங்கு தாராளம். ஒடச்சு சொல்லணும்னா சீசன்ல நான் சுட்டதுல பாதிக்கு மேல 4லதான், 9க்கு திருப்பினதே ரெண்டு தடவதான்.

பிராண்ட் பேரு கேட்டு தல சுத்துதுன்ன இல்ல, லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம், வோர்டெக்ஸ் க்ராஸ்ஃபயர் 2 இல்ல டயமண்ட்பேக், பர்ரிஸ் ஃபுல்ஃபீல்ட், இதுல எது கையில கெடைக்குதோ அது. எல்லாம் உன் பட்ஜெட்டுக்குள்ள வரும். மிச்சப் பணத்துல ஸ்கோப்ப துப்பாக்கியில புடிச்சு நிறுத்த நல்ல ரிங் (வளையம்), பேஸ் (அடிக்கட்டை), ரெண்டு மூணு பொட்டி தோட்டா. தோட்டா ரொம்ப முக்கியம், சொல்றேன் பின்னாடி.

ஹவில்தார்_பாலக்கோடு

தம்பி, காவேரிப்பட்டணத்துக்காரர் சொல்றது சரி. நான் 22 வருசம் பட்டாளத்துல இருந்தவன். நம்ம ஆளுங்க ட்ராகுனோவ் ரைஃபிள் வெச்சிருந்தாங்களே, அதுல இருந்த ஸ்கோப் பிஎஸ்ஓ-1. எத்தன மடங்கு தெரியுமா? 4. முன்கண்ணாடி 24 மி.மீ. அவ்வளவுதான். அத வெச்சு எவ்வளவு தூரம் சுட்டாங்கன்னு கேட்டா நம்ப மாட்ட. நீ 90 யார்டுல நிக்கற மானுக்கு 24 கேக்கற.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. ஸ்கோப்ப வெச்சு வேடிக்கை பாக்கறது, அந்தப்பக்கம் யாரு வராங்கன்னு துழாவறது, இது கூடவே கூடாது. ஸ்கோப் எங்க பாக்குதோ குழாயும் அங்க பாக்குது. தேடறதுக்கு பைனாகுலர் வேற வெச்சுக்க. இதுல சமாதானமே கெடயாது.

மேலகிரி_நடை

நான் இந்த இழைய மூணு நாளா பாத்துட்டு எழுதாம இருந்தேன். எனக்கு கஷ்டமா இருக்கு, ஒளிச்சு பேச மாட்டேன். நம்ம ஊரு குழுவுல மான் வேட்டைக்கு ஸ்கோப்புன்னு தலைப்பு வெச்சா, படிக்கறவன் எல்லாரும் டெக்சாஸ்ல இருக்கறவன் இல்ல. தேன்கனிக்கோட்டையிலயும் ஊரிகத்துலயும் இருக்கற பசங்களும் படிக்கறாங்க. அதனால இங்க தெளிவா எழுதி வெக்கறேன்: 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இங்க புள்ளிமான், கடமான், கேளையாடு, சருகுமான் எதையும் வேட்டையாடக் கூடாது, முயல் கூட ஆகாது. அஞ்செட்டி பக்கத்துக் காடு 2014லருந்து காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம், 504 சதுர கிலோமீட்டர். சரணாலயத்துக்குள்ள வேட்டைன்னா கொறஞ்சது 3 வருசம், 7 வருசம் வரைக்கும் உள்ள போடலாம். துப்பாக்கி, வண்டி எல்லாம் பறிமுதல்.

தம்பி மேல கோவம் இல்ல. அங்க சட்டம் வேற, அத நான் ஒத்துக்கறேன்.

அஞ்செட்டி_ஆஸ்டின்

அக்கா நீங்க சொன்னது சரி, தலைப்புல டெக்சாஸ்னு இப்ப சேத்துட்டேன். என் தாத்தா காலத்துல எங்க ஊருல நாட்டுத்துப்பாக்கி இருந்துச்சு, எங்கப்பா அதத் தொடவே விட்டதில்ல, எங்க வீட்டுல அந்தப் பேச்சே கெடயாது. இங்க கதை வேற, சீசன் எத்தன நாளு, ஒரு ஆளுக்கு எத்தன மான்னு அரசாங்கமே கணக்குப் போட்டு லைசன்ஸ்லயே டேக் (சீட்டு) குடுக்குது, சுட்டதும் அத மான் மேல கட்டணும். இன்னொண்ணு சொன்னா நம்ப மாட்டீங்க, அந்த ராஞ்ச்ல புள்ளிமான் இருக்கு. நம்ம ஊரு அதே புள்ளிமான். ஆக்சிஸ்னு கூப்பிடறாங்க. மொத நாள் போனப்ப வேலிக்கு அந்தப்பக்கம் இருபது முப்பது மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு, எனக்கு ஒகேனக்கல் ரோட்டுல பஸ்ஸுல போற மாதிரி இருந்துச்சு.

டல்லாஸ்_காவேரிப்பட்டணம்

ஆமா, 1932 வாக்குல இந்தியாவுலருந்து கொண்டுவந்து விட்டது. நம்ம வெளிமானும் அதே சமயத்துல வந்ததுதான், நீலகாய் தெக்கால கிங் ராஞ்ச்ல இருக்கு. புலி இல்ல, செந்நாய் இல்ல, பெருகிப்போச்சு. வெள்ளவால் மானுக்குப் போட்டியா எல்லாத்தையும் மேஞ்சுருது. அதனால ஆக்சிசுக்கு இங்க சீசனே இல்ல, வருசம் பூரா சுடலாம், எண்ணிக்கைக் கணக்கும் இல்ல, ஆனா வேட்டை லைசன்சும் நிலத்துக்காரர் சம்மதமும் வேணும்.

தம்பி எச்1பியா கிரீன் கார்டா? எச்1பின்னா வேட்டை லைசன்ஸ் பேப்பர் எப்பவும் கையில இருக்கணும். எச்1பி மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கி வெச்சிருக்கறதே மத்திய சட்டப்படி குத்தம், செல்லுபடியாகற வேட்டை லைசன்ஸ் இருந்தாதான் அதுக்கு விலக்கு. லைசன்ஸ் தேதி முடிஞ்சா விலக்கும் முடிஞ்சது. நெறைய நம்ம பசங்களுக்கு இது தெரியாது, ஃப்ரெண்டு கூட ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகற எடம்) போயி சும்மா சுட்டுப் பாக்கறானுங்க.

அஞ்செட்டி_ஆஸ்டின்

எச்1பிதான் அண்ணா. லைசன்ஸ் எடுத்த அப்புறம்தான் துப்பாக்கியவே கையில வாங்கினேன்.

சரி, மடங்கு புரிஞ்சது. ஆனா 50 மி.மீ. முன்கண்ணாடி பெருசா இருந்தா சாயங்காலம் வெளிச்சம் அதிகம் வரும்தானே? மான் வர்றதே இருட்டற நேரத்துலதான்னு சொல்றாங்க.

கண்ணு_டெஸ்ட்_தருமபுரி

இதுக்கு நான் பதில் சொல்றேன், துப்பாக்கி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா கண்ணு என் தொழில். தருமபுரியில 14 வருசமா கண்ணு பரிசோதனை பண்றேன்.

முன்கண்ணாடி எத்தன மி.மீட்டரோ அத மடங்கால வகுத்தா, பின்னாடி கண்ணுக்கு வர்ற வெளிச்ச வட்டத்தோட அளவு கெடைக்கும். 40 மி.மீ., 4 மடங்குன்னா 10 மி.மீ. வட்டம். 50 மி.மீ., 24 மடங்குன்னா 2 மி.மீ. வட்டம். இப்ப உங்க கண்மணி இருட்டுல எவ்வளவு விரியும்? சின்ன வயசுல 7 மி.மீ. வரைக்கும், 50 வயசத் தாண்டினா 5 கிட்டதான். அப்ப 24 மடங்குல வெச்சா உங்க கண்ணு 7 மி.மீ. கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு நிக்குது, ஸ்கோப் 2 மி.மீ. வெளிச்சத்த மட்டும் குடுக்குது, படம் மங்கலா இருட்டாதான் தெரியும். அதே 40 மி.மீ. ஸ்கோப்ப 4லயோ 6லயோ வெச்சீங்கன்னா கண்ணு நெறைய வெளிச்சம். 50 மி.மீ. வாங்கி அதிக மடங்குல வெக்கறத விட 40 மி.மீ. வாங்கி மடங்கக் கொறைக்கறதுதான் சாயங்காலத்துல ஜெயிக்கும்.

இன்னொண்ணு கோட்டிங். பூச்சு இல்லாத கண்ணாடியில வெளிச்சம் ஒவ்வொரு பரப்புலயும் 4 சதவீதம் திரும்பிப் போயிரும். ஸ்கோப்புக்குள்ள ஏகப்பட்ட லென்சு, 10 பரப்புன்னு வெச்சுக்கிட்டாலே மூணுல ஒரு பங்கு வெளிச்சம் வீணாப் போச்சு. 1935ல ஸைஸ் கம்பெனியில ஸ்மகுலாங்கறவரு இந்தப் பூச்ச கண்டுபிடிச்சாரு, அதுக்கு முன்னாடி சாயங்காலத்துல தொலைநோக்கின்னாலே மங்கல்தான். அட்டையில கோட்டட்னு மட்டும் போட்டிருந்தா ஏதோ ஒரு பரப்புல ஒரு பூச்சு இருக்குன்னு அர்த்தம். ஃபுல்லி மல்ட்டி-கோட்டட்னு போட்டிருந்தாதான் காத்து படற எல்லாப் பரப்புலயும் பல அடுக்குப் பூச்சு. அதப் பாத்து வாங்குங்க. குழாய் 30 மி.மீ. இருந்தா வெளிச்சம் அதிகம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

கண்ணாடி போடறவரா நீங்க?

அஞ்செட்டி_ஆஸ்டின்

ஆமாங்க மேடம், ரெண்டு கண்ணும் மைனஸ் 2.

கண்ணு_டெஸ்ட்_தருமபுரி

அப்ப சுடும்போது கண்ணாடியோடயே சுடுங்க, கழட்டாதீங்க. பின்பக்கம் கண்ணு வெக்கற எடத்துல ஒரு வளையம் திரும்பும், அது கூட்டல் குறிய உங்க கண்ணுக்குத் தெளிவாக்கறதுக்கு. வெறும் வானத்தப் பாத்துக்கிட்டு அதத் திருப்பணும் (சூரியன் இருக்கற பக்கம் திரும்பவே கூடாது). 2, 3 நொடிக்கு மேல உத்துப் பாக்காதீங்க, கண்ணு தானா சமாளிச்சு மங்கலையும் தெளிவா காட்டிரும், ஏமாந்துருவீங்க. பாக்கணும், கண்ண எடுக்கணும், கொஞ்சம் திருப்பணும், மறுபடி பாக்கணும். பாத்த ஒடனே கோடு கருப்பா கூர்மையா இருந்தா சரி.

டல்லாஸ்_காவேரிப்பட்டணம்

மேடம் அருமையா சொன்னீங்க, 11 வருசமா எனக்கு தானா அமைஞ்சத நீங்க கணக்கா சொல்லிட்டீங்க.

கண்ணாடிக்காரர்னா இன்னொண்ணு சேத்துக்க தம்பி. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவுல இருக்கற தூரம், ஐ ரிலீஃப்னு எழுதியிருக்கும். 3.5 இஞ்சுக்கு கொறயாம, 4 கிட்ட இருந்தா நல்லது. .308 பின்னுக்கு ஒதைக்கும்போது ஸ்கோப் விளிம்பு புருவத்துல வந்து அடிக்கும். பாதி நிலா மாதிரி தழும்போட எத்தன பேர நான் பாத்திருக்கேன். உனக்கு மூக்குக்கண்ணாடி வேற இருக்கு, அது ஒடஞ்சு கண்ணுல போச்சுன்னா என்ன பண்ணுவ? ஸ்கோப்ப எவ்வளவு முன்னாடி தள்ள முடியுமோ தள்ளி மாட்டு. நீ பரண்ல எந்த மாதிரி உக்காருவியோ, எந்த ஜாக்கெட் போடுவியோ, அதே மாதிரி கண்ண மூடிக்கிட்டு தோள்ல வெச்சு கன்னத்த சாய்ச்சு, அப்புறம் கண்ணத் தொற. வட்டம் முழுசா தெரியணும். கருப்பு நிழல் ஒரு பக்கம் வந்தா நகத்து.

ராயக்கோட்டை_தக்காளி

அண்ணா குறுக்க கேக்கறேன் தப்பா எடுத்துக்காதீங்க. என்கிட்ட ஸ்ப்ரிங் ஏர் ரைஃபிள் இருக்கு, 4.5 மி.மீ., டின்னு வெச்சு சுடுவேன். அதுக்கு இதே மாதிரி 3-9×40 மாட்டலாமா? அஞ்செட்டிக்காரரு ஊருக்கு வரும்போது ஒண்ணு எனக்கும் எடுத்துட்டு வந்தா காசு குடுத்துடறேன்.

ஹவில்தார்_பாலக்கோடு

ஸ்ப்ரிங் ஏர்கன் ஒதைக்கறது வேற மாதிரி தம்பி. பெரிய துப்பாக்கி பின்னால மட்டும் ஒதைக்கும். ஸ்ப்ரிங்குல மொதல்ல பின்னால, பிஸ்டன் போயி முட்டினதும் முன்னால, ரெண்டு தடவ. பின்ஒதைக்காக செஞ்ச ஸ்கோப்ப அதுல மாட்டினா உள்ள கண்ணாடி கழண்டு போகும். ஏர்கன் ரேட்டட்னு கேட்டு வாங்கணும். அதோட வேட்டை ஸ்கோப்ப 100 யார்டுக்கு பேரலாக்ஸ் வெச்சு செட் பண்ணிருப்பான், உன் டின்னு 15 மீட்டர்ல மங்கலாத் தெரியும், தலைய நகத்தினா குறியும் நகரும். கீழ 10 மீட்டர் வரைக்கும் மாத்திக்கற மாதிரி வேணும் உனக்கு. போட்டிக்குப் பழகறதா இருந்தா ஸ்கோப்பே வேணாம், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில ஸ்கோப் அனுமதி இல்ல, பீப் சைட்தான் (சின்ன ஓட்டை வழியா குறி பாக்கறது).

டல்லாஸ்_காவேரிப்பட்டணம்

எடுத்துட்டு வர்ற பேச்சே வேணாம். ரைஃபிள் ஸ்கோப் அமெரிக்காவோட ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுல இருக்கற பொருள், பெட்டியில போட்டுக்கிட்டு ஃப்ளைட் ஏறினா இங்கயே குத்தம். அந்தத் தம்பிய வம்புல மாட்டி விடாதீங்க. தேவைன்னா இந்தியாவுலயே முறையா விக்கற எடத்துல பில்லோட வாங்கிக்க.

மேலகிரி_நடை

ராயக்கோட்டை தம்பி, டின்னோட நிறுத்திக்கோப்பா. புறா, கொக்கு, மைனா எதுவா இருந்தாலும் ஏர்கன்ல அடிச்சாலும் அது வேட்டைதான். தோட்டத்துக்கு காட்டுப்பன்னி வருதுன்னா வனத்துறைக்கு எழுதிக் குடு. காட்டுலருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வர்ற பன்னிய சுடறதா இருந்தாலும் அத வனத்துறை ஆளுங்கதான் பண்ணணும்.

ராயக்கோட்டை_தக்காளி

சரிங்க அக்கா. டின்னு மட்டும்தான், எங்கம்மா மேல சத்தியம்.

ஓசூர்_லேத்

இவ்வளவு பேசறீங்க, மாட்டறதப் பத்தி யாரும் பேசல. நான் ஓசூர்ல 19 வருசமா மெஷின் ஷாப்புல இருக்கேன், துப்பாக்கி தொட்டதில்ல, ஆனா ஒரு குழாய ரெண்டு வளையத்துல நேரா புடிச்சு நிறுத்தறது என் தொழில். என் மச்சான் மிச்சிகன்ல இருக்கான், அவன் ஸ்கோப் ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு எடத்துல காட்டுது, கெட்ட ஸ்கோப்னு திருப்பி அனுப்பப் போனான். வீடியோ கால்ல காட்டச் சொன்னேன். பேஸ் ஸ்க்ரூ ஒண்ணு கையாலயே சுத்துது! ஸ்கோப் மேல ஒரு தப்பும் இல்ல.

கேட்டுக்கங்க. பேஸ் மாட்டற எடத்துல எண்ணெய் சுத்தமா தொடைக்கணும். பேஸ் ஸ்க்ரூவுக்கு நீல லாக்டைட் (ஸ்க்ரூ கழறாம புடிக்கற பசை) ஒரு சொட்டு. ரிங் ஸ்க்ரூவுக்கு லாக்டைட் வேணாம், அது வழவழன்னு ஆக்கி, நீங்க நெனைக்கறத விட அதிகமா முறுக்கிரும், அலுமினியக் குழாய் நசுங்கும். ரிங் ஸ்க்ரூ பொதுவா 15லருந்து 18 இஞ்ச்-பவுண்டு, அதாவது 2 நியூட்டன் மீட்டர் கிட்ட. ஸ்கோப் கம்பெனி வேற சொல்லியிருந்தா அதத்தான் கேக்கணும். கைக்கணக்குல முறுக்காதீங்க, 18 இஞ்ச்-பவுண்டு எவ்வளவு கொஞ்சம்னு கையில புடிச்சுப் பாத்தாதான் தெரியும், நம்ம ஆளுங்க எல்லாரும் ரெண்டு மடங்கு முறுக்குவாங்க. சின்ன டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு வெச்சு முறுக்கற ஸ்பேனர்) ஒண்ணு வாங்குங்க. நாலு ஸ்க்ரூவையும் குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா, கார் வீல் நட்டு மாதிரி. ரெண்டு பக்கமும் இடைவெளி சமமா இருக்கணும்.

கூட்டல் குறி சாயாம இருக்க, ஃபோன் ஆப் எல்லாம் வேணாம். கொத்தனாரு தூக்குக்குண்டு இருக்கே, அத 25 யார்டுல ஒரு கயித்துல தொங்க விடுங்க. துப்பாக்கிய ரசமட்டம் வெச்சு நேரா நிறுத்திட்டு, ஸ்கோப்ப மெதுவா சுத்தி நெட்டுக்கோட்ட அந்தக் கயித்தோட ஒட்ட வைங்க. அதுக்கப்புறம்தான் முறுக்கணும். முறுக்கும்போது ஒரு பக்கம் இழுத்து குழாய் லேசா சுத்தும், திரும்பப் பாருங்க.

அஞ்செட்டி_ஆஸ்டின்

லேத் அண்ணா, தூக்குக்குண்டு ஐடியா எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. எங்கப்பா கொத்தனாரு. இங்க கடையில ப்ளம் பாப்னு கெடைக்குது, 8 டாலர்.

லூபோல்ட் 3-9×40 வாங்கிட்டேன், வரி சேத்து 300 சொச்சம். கூட்டல் குறி சாதா ட்யூப்ளெக்ஸ் (ஓரத்துல தடிப்பா, நடுவுல மெலிசா). இந்த வாரக் கடைசியில ரேஞ்ச். எங்க ஜீரோ பண்றது (குறி வெச்ச எடத்துலயே குண்டு விழற மாதிரி செட் பண்றது), 100லயா 200லயா?

ஹவில்தார்_பாலக்கோடு

100ல பண்ணு. 150 க்ரெய்ன் (குண்டோட எடை) .308 100ல அச்சா விழுந்தா 200ல ஒரு 4 இஞ்சுக்குள்ள எறங்கும். 8 இஞ்ச் தட்டுல நடுவுல குறி வெச்சா 200லயும் தட்டுக்குள்ள விளிம்பு வரைக்கும் வந்துரும், ஒரு 4 இஞ்ச் மேல புடிச்சா நடு கிட்டயே விழும். ரொம்ப யோசிக்காத. 300ல ஒரு அடிக்கு மேல எறங்கும், அங்கல்லாம் சுடவே சுடாத, உனக்கு இன்னும் பழக்கம் இல்ல.

மொதல்ல போல்ட்ட கழட்டிட்டு, துப்பாக்கிய மூட்டையில அசையாம வெச்சு, குழா வழியா 25 யார்டு டார்கெட்டப் பாரு. குழா நடுவுல புள்ளி. அப்புறம் துப்பாக்கிய ஆட்டாம ஸ்கோப் குறிய அந்தப் புள்ளிக்குக் கொண்டா. ஒரு குண்டு சுடு. ஸ்கோப் மேல இருக்கற திருகுல 1 க்ளிக் கால் எம்ஓஏ (ஒரு கோண அளவு), அதாவது 100 யார்டுல கால் இஞ்ச். 25ல அதே க்ளிக் கால் இஞ்சுல கால் பங்குதான் நகத்தும், அதனால 1 இஞ்ச் நகத்த 25ல 16 க்ளிக், 100ல 4 க்ளிக். இதுலதான் எல்லாரும் குழம்புவாங்க. அம்புக்குறி மேலன்னு காட்டறது குண்டு விழற எடத்த. குண்டு கீழ விழுதுன்னா மேல பக்கம் திருப்பு, தலைகீழா யோசிக்காத.

25ல சரியாச்சுன்னா 100க்குப் போ. மூணு குண்டு சுட்டு, மூணுத்தோட நடுவ பாத்துத் திருத்து, ஒரு குண்டப் பாத்து திருகாத. குழா சூடாச்சுன்னா வெயிட் பண்ணு, அவசரம் ஆகாது.

டல்லாஸ்_காவேரிப்பட்டணம்

தோட்டா பத்தி பின்னாடி சொல்றேன்னேன் இல்ல. எந்தத் தோட்டாவுல ஜீரோ பண்றியோ அதே பிராண்டு, அதே எடை தோட்டாவோடதான் வேட்டைக்குப் போகணும். ரேஞ்சுக்கு சீப்பான தோட்டா, வேட்டைக்கு ஒசந்த தோட்டான்னு மாத்தினா 100 யார்டுல ரெண்டு மூணு இஞ்ச் தள்ளி விழலாம். ஒரு வருசம் நான் அப்படித்தான் பண்ணி ஒரு மானக் காயப்படுத்திட்டேன். ராத்திரி 11 மணி வரைக்கும் டார்ச் வெச்சு ரத்தம் தேடினோம், மறுநாள் காலைலயும் தேடினோம். கெடைக்கல. அத இன்னும் நெனச்சா எனக்கு மனசு கெட்டுப் போகும். அதனாலதான் இவ்வளவு சொல்றேன், தோட்டா செலவுல மிச்சம் புடிக்காத.

அஞ்செட்டி_ஆஸ்டின்

ரேஞ்சுக்குப் போயிட்டு வந்தேன். தூக்குக்குண்டு வெச்சு மாட்டினேன், டார்க் ரெஞ்ச்ல 18 வெச்சேன், லேத் அண்ணா சொன்ன மாதிரி அது ரொம்பக் கொஞ்சமாதான் இருந்துச்சு, பயமா இருந்துச்சு கழண்டுருமோன்னு, கழறல. 25ல மொத குண்டு 3 இஞ்ச் எடப்பக்கம், 48 க்ளிக் எண்ணி எண்ணித் திருப்பினேன். 100ல 20 குண்டு. கடைசி மூணும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள்ள. புருவம் பத்திரமா இருக்கு. சாயங்காலம் ரேஞ்ச் மூடறதுக்கு முன்னாடி 9ல வெச்சும் 4ல வெச்சும் ஓரத்துல இருந்த புதரப் பாத்தேன், மேடம் சொன்னது கண்ணால பாத்தேன், 9ல புதர் ஒரே கருப்பு, 4ல எலை தனித்தனியா தெரிஞ்சது.

கண்ணு_டெஸ்ட்_தருமபுரி

ரொம்ப சந்தோசம். என் பேஷண்டுங்களுக்கு இவ்வளவு சொல்லி யாரும் ஒரு தடவ கூட செஞ்சு பாத்ததில்ல.

அஞ்செட்டி_ஆஸ்டின்

(மூணு வாரம் கழிச்சு)

நவம்பர் ரெண்டாவது வாரம் போயிட்டு வந்தேன். மொத நாள் சாயங்காலம் ஒண்ணும் சுடல. கொம்பு வெச்சது ஒண்ணு வந்துச்சு, ஆனா அதுக்கு நேர் பின்னாடி இன்னொண்ணு நின்னுச்சு, 4 மடங்குல வெச்சிருந்ததால ரெண்டும் தெரிஞ்சது. மொதல்ல பாத்த அந்த 6-24 வாங்கி 12ல வெச்சிருந்தா பின்னாடி நின்னது தெரிஞ்சே இருக்காது, சுட்டிருப்பேன், ரெண்டு மேலயும் பட்டிருக்கும்.

ரெண்டாவது நாள் 5.40க்கு பொழுது எறங்குச்சு. அதுக்கப்புறம் அர மணி நேரம் வரைக்கும்தான் சட்டப்படி சுடலாம். 5.55க்கு ஒரு பொட்ட மான் ஃபீடருக்குப் பக்கவாட்டுல, 95 யார்டு, தனியா வந்து நின்னுச்சு. தோளுக்குப் பின்னாடி குறி. 30 அடி நகந்து விழுந்துருச்சு, தேட வேண்டிய வேலையே இல்ல. டேக் கட்டினோம். அன்னிக்கு ராத்திரியே உரிச்சு ஐஸ்ல வெச்சு, நேத்து வீட்டுல மெளகு போட்டு வறுத்தோம். ஆக்சிஸ் சுடலாம்னு ராஞ்ச்காரர் சொன்னாரு, எனக்கு மனசு வரல. விடியக்காலம் அது கத்துச்சு அக்கா, ஊருல ராத்திரி கேக்குமே, அந்த எச்சரிக்கைக் கத்து, அதே சத்தம். சீடார் மரத்துக்குள்ளருந்து வந்துச்சு. கொஞ்ச நேரம் துப்பாக்கிய எறக்கி வெச்சுட்டு கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

மேலகிரி_நடை

இத எழுதினதுக்கு நன்றி தம்பி. எனக்கு மொதல்ல இருந்த கஷ்டம் கொறஞ்சிருக்கு.

ஊருக்கு எப்ப வர்ற?

அஞ்செட்டி_ஆஸ்டின்

ஜனவரி பொங்கலுக்கு அக்கா. ஸ்கோப் இங்கயே ராஞ்ச்ல துப்பாக்கியோட இருக்கும். பைனாகுலர் மட்டும் ஒண்ணு எடுத்துட்டு வரலாம்னு இருக்கேன், உங்ககூட ஒரு நாள் அனுமதி வாங்கிட்டு நடக்கலாமா? 10×42 எடுக்கவா 8×42 எடுக்கவா?

மேலகிரி_நடை

8×42 எடு. ஏறி மூச்சு வாங்கிட்டு நிக்கும்போது 10ல படம் ஆடும், மேடம் சொன்ன கணக்குப்படி 8ல வெளிச்சமும் அதிகம். பொங்கல் முடிஞ்ச ஒடனே வா, பிப்ரவரி பாதிக்கு மேல தீ பயத்துல காட்டுக்குள்ள விட மாட்டாங்க.